மாதிரியில் எழுதிய முகவரி

1

நமது வாசகசாலையின் ஆண்டு மலரில் மலையாளத்துக்கு எண்பது பக்கம், தமிழுக்குப் பன்னிரண்டு பக்கம் ஒதுக்கியிருப்பதாகச் செயலாளர் எழுதியிருந்தார். அந்தப் பன்னிரண்டில் எட்டு எனக்கு. பனி, ரயில், ஏரி என்று வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி எதையாவது எழுதினால் போதும் என்றார். நான் சுவிட்சர்லாந்துக்கு வந்து இந்த மாதத்தோடு பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. ஆகவே அவர் கேட்டது பொருத்தமான நேரத்தில்தான். ஆனால் பனியும் ரயிலும் ஏரியும் உங்கள் கைப்பேசியிலேயே நிறையக் கிடைக்கும். இந்த ஆண்டு எனக்கு நடந்த ஒன்றை எழுதுகிறேன். அதற்கும் நமது வாசகசாலைச் சுவரில் ஒருகாலத்தில் ஒட்டியிருந்த ஒரு தாளுக்கும் தொடர்பு உண்டு. ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு அந்தத் தாள் நினைவிருக்கும் என்று பயப்படுகிறேன்.

என்னைத் தெரியாத இளையவர்களுக்காக: என் பெயர் வில்சன். பாறசாலையிலிருந்து காரக்கோணம் போகும் வழியில் தெக்கேவிளை வீடு. பதினான்கு வயதிலிருந்து தினமும் குறிப்பேடு எழுதுகிறவன் என்பதால் ஊரில் ‘டைரி’ என்றே அழைப்பார்கள். இப்போது சூக் என்ற நகரத்துக்குப் பக்கத்தில் மூன்றாம் மாடியில் வசிக்கிறோம். மனைவி மருத்துவமனையில் நர்ஸ். மகள் நீனாவுக்குப் பதினேழு வயது. எங்கள் கட்டிடத்தில் பன்னிரண்டு வீடுகளுக்கும் சேர்த்து ஒரே சலவை அறை. எங்கள் முறை ஒன்றுவிட்ட செவ்வாய், மதியம் ஒன்று முதல் ஐந்து வரை. இத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூட நான் ஐந்தைத் தாண்டியதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. இனி வரப்போவதைப் புரிந்துகொள்ள உதவும்.

2

கருவிகளுக்கு விளக்கம் எழுதுவது என் தொழில். மிக்சி வாங்கினால் கூடவே ஒரு சிறு புத்தகம் வருமே, அதை எழுதவும் ஒருவன் வேண்டும். நான் அப்படிப்பட்டவன். மிக்சிக்குப் பதிலாக மென்பொருள்.

இப்போது இருக்கும் சிறிய நிறுவனத்தின் கருவி, பிளாக்செயினில் டோக்கன்கள் எனப்படும் டிஜிட்டல் நாணயங்களை வாங்கவும் விற்கவும் உதவுவது. பிளாக்செயின் என்பது ஆயிரக்கணக்கான கணினிகளில் ஒரே சமயத்தில் இருக்கும் ஒரு பொதுப் பதிவேடு. அதில் ஒரு வரி ஏறிவிட்டால் ஏறியதுதான். அடிக்க முடியாது, கிழிக்க முடியாது. தவறாக எழுதிவிட்டால், கீழே இன்னொரு வரி எழுதித்தான் சரிசெய்ய வேண்டும். இந்த ஒரு குணத்துக்காகவே எனக்கு அதைப் பிடித்திருந்தது.

முன்பு இந்தக் கருவியை மனிதர்கள் பயன்படுத்தினார்கள். ஓராண்டாக நிலைமை மாறிவிட்டது. ஒருவர் தன் கணினியில் இருக்கும் ஏஐ ஏஜென்டிடம், இன்ன விலை வந்தால் இதை விற்று அதை வாங்கி இன்ன முகவரியில் சேர்த்துவிடு என்று சொல்லிவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுகிறார். ஏஜென்ட் என்றால் ஆள் இல்லை, அதுவும் ஒரு மென்பொருள். அது நேராக நான் எழுதிய பக்கத்துக்கு வந்து, படித்து, அதன்படி செய்கிறது. ஆகவே என் வாசகர் மாறிவிட்டார்.

புதிய வாசகர் விசித்திரமானவர். சலிப்பே கிடையாது, எழுதியது அனைத்தையும் படிப்பார். புரியவில்லை என்று திருப்பிக் கேட்க மாட்டார். ‘பொதுவாக’ என்று எழுதினால் எப்போது பொதுவல்ல என்பதைத் தானே முடிவு செய்துகொள்வார். எல்லாவற்றையும்விட அவருக்கு மாதிரிகள் மேல் பிரியம். பத்துப் பத்தி விளக்கம் எழுதி, கடைசியில் ஒரு மாதிரிக் கட்டளை கொடுத்தால், முதலில் கையில் எடுப்பது மாதிரியைத்தான்.

வாங்கியதை எங்கே சேர்ப்பது என்பதற்கு மாதிரியில் ஒரு முகவரி வேண்டும். நாற்பத்திரண்டு எழுத்துகளும் எண்களும் கலந்த நீளமான முகவரி. முதலில் அந்த இடத்தில் ‘உங்கள் முகவரியை இங்கே எழுதவும்’ என்றுதான் வைத்திருந்தேன். சோதனை செய்தபோது சில ஏஜென்டுகள் அந்த வாக்கியத்தையே முகவரி என்று எடுத்துக்கொண்டு போய் முட்டி நின்றன. அதனால் அதை நீக்கிவிட்டு உண்மையான முகவரி ஒன்றை வைத்தேன். நான் செய்து பார்க்காத எதையும் எழுதுவதில்லை என்பது என் விதி. ஆகவே டோக்கன்களை வைத்துக்கொள்ளும் கணக்கான வாலட் ஒன்றைத் திறந்து, சிறு தொகை போட்டு, வாங்கி, விற்று, அதிலேயே சேர்த்துப் பார்த்தேன். சரியாக நடந்தது. எது நடந்ததோ அதையே மாதிரியில் எழுதினேன். அதாவது, என் வாலட்டின் முகவரியை.

3

நான்கு மாதங்கள் கழித்து, ஜூனில் ஒரு வியாழக்கிழமை காலை 9.40க்கு, மேலாளர் இனேஸ் என்னைச் சிறிய அறைக்கு அழைத்தார். போர்த்துகல்காரர், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், எப்போதும் கதவைத் திறந்தே வைத்துப் பேசுகிறவர். அன்று கதவைச் சாத்தினார். உள்ளே நிறுவனத்தின் வக்கீல் உட்கார்ந்திருந்தார்.

பெரும்பாலான ஏஜென்டுகள் மாதிரியில் இருந்த முகவரியை எடுத்துவிட்டுத் தங்கள் உரிமையாளரின் முகவரியைப் போட்டிருக்கின்றன. சில அப்படியே விட்டுவிட்டன. விற்று வாங்கியதை மாதிரி முகவரியில் கொண்டு சேர்த்துவிட்டன. ஒரு வாடிக்கையாளர் புகார் செய்தார். தேடிப் பார்த்ததில் முப்பத்தோரு தடவை அப்படி நடந்திருந்தது. முப்பத்தொன்றும் ஒரே முகவரிக்கு.

இனேஸ் திரையில் அந்த முகவரியைக் காட்டி, “இது யாருடையது என்று உங்களுக்குத் தெரியுமா, வில்சன்?” என்று கேட்டார்.

“என்னுடையது” என்றேன்.

வக்கீல் அதை எழுதிக்கொண்டார்.

அந்த வாலட்டைச் சோதனை நாளுக்குப் பிறகு நான் திறக்கவே இல்லை. அதிலிருந்து எதுவும் வெளியே போகவில்லை என்பதைப் பிளாக்செயினில் யாரும் பார்க்கலாம். இதைச் சொன்னேன். இதுவரை எடுக்கவில்லை என்பது, இனி எடுக்கும் எண்ணமில்லை என்பதற்குச் சான்றாகாது என்று வக்கீல் மென்மையாகச் சொன்னார். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். அவர்கள் முன்னிலையிலேயே முப்பத்தொன்றையும் அனுப்பியவர்களுக்குத் திருப்பி அனுப்பினோம். மீதி நின்றது ஒரே கேள்வி: இவன் தெரிந்து செய்தானா? தெரிந்து செய்திருக்கலாம் என்று முடிவானால்கூட வேலை போய்விடும். எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த இந்தத் தொழிலில், ஐம்பத்திரண்டு வயதில், அதன் பிறகு யாரும் ஒரு பக்கம் எழுதவும் என்னிடம் தர மாட்டார்கள்.

மாதிரியை எழுதிய நாளில் நான் என்ன நினைத்தேன் என்பதற்கு ஏதாவது பதிவு உண்டா என்று இனேஸ் கேட்டார். அவர் எனக்கு ஒரு வழி காட்ட நினைத்தார் என்பது முகத்திலேயே தெரிந்தது. என் குறிப்பேட்டில் எல்லாம் இருக்கும் என்று உடனே சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை பத்து மணிக்கு அதைக் கொண்டுவரச் சொன்னார்கள். அதுவரை பக்கங்களைத் திருத்தும் என் உரிமையை நிறுத்திவைத்தார்கள்.

4

வீட்டுக்கு நடந்து வரும் வழியில் எங்கள் ஊராட்சி அலுவலகம் இருக்கிறது. இந்த நாட்டுக்கு வந்த முதல் வாரம், வசிப்பதைப் பதிவு செய்ய அங்கே போனேன். எப்படி நிரப்புவது என்று காட்டச் சுவரில் ஒரு படிவம். பெயர்: ஹான்ஸ் முஸ்டர். தெரு: முஸ்டர் தெரு, எண் 1. அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். மறுநாள் வங்கியில் அதே ஹான்ஸ் முஸ்டர். அஞ்சலகத்திலும் அவரே. இவ்வளவு இடங்களில் பெயர் இருப்பதால் பெரிய மனிதராக இருக்க வேண்டும் என்று நினைத்து, எனக்குத் தெரிந்த முப்பது ஜெர்மன் சொற்களை வைத்து, திரு. முஸ்டர்தான் இந்த ஊர்த் தலைவரா என்று ஊராட்சி அலுவலகப் பெண்ணிடம் கேட்டேன். அவள் பக்கத்து மேசைக்காரியைக் கூப்பிட்டு, இன்னொரு தடவை கேட்கச் சொன்னாள்.

ஜெர்மனில் ‘முஸ்டர்’ என்றால் மாதிரி. படிவங்களில் எழுதுவதற்கென்றே இவர்கள் இல்லாத ஒரு மனிதனை வைத்திருக்கிறார்கள். அவனுக்குத் தெரு உண்டு, ஊர் உண்டு, மனைவிகூட உண்டு. எந்தத் தபாலும் அவனுக்குப் போய்ச் சேராது.

அந்த வியாழக்கிழமை அலுவலகத்தின் கண்ணாடிக் கதவு முன்னால் நின்றுவிட்டேன். அவனை நன்றாகத் தெரிந்திருந்தும் ஏன் என் முகவரியை எழுதினேன்?

5

சனிக்கிழமை காலை குறிப்பேட்டை எடுத்து அந்த நாளின் பக்கத்தைத் திறந்தேன். இருந்தது இவ்வளவுதான்:

‘மாதிரிப் பக்கம் முடிந்தது. நன்றாக வந்திருக்கிறது. வெளியே மூன்று டிகிரி. ரயில் நான்கு நிமிடம் தாமதம். மதியம் தயிர்சாதம், எலுமிச்சை ஊறுகாய்.’

அதற்குக் கீழே இரண்டு வரி காலி.

ரயிலின் நான்கு நிமிடத்தை எழுதியவன் முகவரியைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பிறகு அந்தக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் எப்போதும் ஒரே கறுப்பு மையில் எழுதுகிறவன். கையெழுத்தும் முப்பது ஆண்டுகளாக மாறவில்லை. ‘மாதிரி முகவரி இப்போதைக்கு என்னுடையது. வெளியிடும் முன் மாற்ற வேண்டும்.’ இவ்வளவு போதும். எழுத்துகளை எண்ணிப் பார்த்தேன். இரண்டு வரிக்கு அளவெடுத்தது போலப் பொருந்தியது.

நீனா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் எங்களிடம் சுவிஸ் ஜெர்மனில் பேசுவாள், நாங்கள் தமிழில் பதில் சொல்வோம். பன்னிரண்டு வயதிலிருந்து இப்படித்தான். ஒன்றையொன்று இடிக்காமல் போகும் இரண்டு தண்டவாளங்கள். விஷயம் அவளுக்குத் தெரியும். காலி வரிகளையும் மூடி கழற்றிய பேனாவையும் பார்த்ததும் அவளுக்கு மற்றதும் புரிந்துவிட்டது. நீங்கள் திருடவில்லை என்பது உண்மை, அந்த உண்மைக்கு ஒரு சான்று வேண்டியிருக்கிறது, அவ்வளவுதானே என்று ஜெர்மனில் கேட்டாள். பிறகு, மாதக்கணக்கில் நான் கேட்காத தமிழில், “எழுதுங்கப்பா. ஒண்ணும் ஆவாது” என்றாள்.

என் மகள் இந்த ஆண்டு என்னிடம் தமிழில் பேசிய முதல் வாக்கியம் அது. அன்பினால்தான் சொன்னாள். பேனாவை மூடாமல் குறிப்பேட்டின் மேல் வைத்துவிட்டு, நாளை எழுதலாம் என்று எழுந்தேன். ‘நாளை எழுதலாம்’ என்றுதான் நினைத்தேன். ‘எழுதக் கூடாது’ என்று நினைக்கவில்லை. அதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும்.

6

ஞாயிற்றுக்கிழமை காலை 8.40க்கு ஸ்டெல்லா அக்கா அழைத்தாள். அங்கே மதியம் பன்னிரண்டு பத்து, கோயில் ஆராதனை முடிந்து வந்திருப்பாள். என்னைவிட ஆறு வயது மூத்தவள். அங்கன்வாடி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்று நம் வீட்டில் இருக்கிறாள். போனைச் சாப்பாட்டு மேசையில் சாய்த்து வைப்பாள். எனக்கு அவள் நெற்றியும் பாதி மின்விசிறியும் தெரியும். அன்று வெளியே மழை வலுத்துப் பெய்துகொண்டிருந்தது. ஓட்டின் மேல் விழும் சத்தத்தில் அவள் குரலை உயர்த்திப் பேசினாள்.

வாசகசாலைக் கட்டிடம் எந்த ஆண்டு திறந்தது என்று செயலாளர் கேட்டாராம். அதற்காக என் பழைய குறிப்பேடுகளை அலமாரியிலிருந்து எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தாள். உன் முகம் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டதும் நடந்ததைச் சொன்னேன். டோக்கன், வாலட், ஏஜென்ட் என்று ஆரம்பித்தால் வேலைக்கு ஆகாது என்பதால் சுருக்கினேன்: எல்லோரும் பார்த்து எழுத ஒரு மாதிரி வைத்தேன், அதில் என் விலாசத்தைப் போட்டுவிட்டேன், பார்த்து எழுதியவர்கள் அதையும் அப்படியே எழுதிவிட்டார்கள்.

அக்கா சிரித்தாள். அவள் சிரித்தால் பாதியில் இருமல் வரும். இருமி முடித்துவிட்டுச் சொன்னாள்:

“எலே, இது நீ பண்டு செய்ததாக்கும். தண்ணிக்கு எழுதிக் குடுத்தது ஓர்மை இல்லியா?”

ஓர்மை இருந்தது. இருபத்தொன்பது ஆண்டுகளாக அதன் பக்கமே போகாமல் இருந்தேன், அவ்வளவுதான். இளையவர்களுக்காக அதைச் சொல்கிறேன்.

எனக்கு இருபத்துமூன்று வயது. படித்து முடித்து வேலை இல்லாமல் இருந்தேன். அந்த ஆண்டு ஜூனில் வர வேண்டிய இடவப்பாதி மழை பொய்த்துக் கிணறுகளில் தரை தெரிந்தது. நமது வார்டில் வீட்டுக்கு வீடு குடிநீர் இணைப்பு கொடுப்பதாகப் பஞ்சாயத்தில் அறிவித்தார்கள். விண்ணப்பம் மலையாளத்தில் எழுத வேண்டும். நம் ஆட்கள் வாய் நிறைய மலையாளம் பேசுவார்கள். ஆனால் தமிழ்நாட்டு எல்லைக்குள் விளவங்கோட்டுப் பக்கம் தமிழில் படித்துவிட்டு நம் ஊருக்குக் குடிவந்த பல வீடுகளில் அதை எழுதத் தெரியாது. எனக்கு இரண்டு எழுத்தும் அழகாக வரும் என்பதால், எல்லோரும் பார்த்து எழுத ஒரு மாதிரி விண்ணப்பம் எழுதி வாசகசாலைச் சுவரில் ஒட்டச் சொன்னார்கள். அளவுகோல் வைத்துக் கோடு போட்டு எழுதினேன். பெயர் இருக்கும் இடத்தில் அப்பாவின் பெயரையும் தெக்கேவிளை வீட்டையும் எழுதினேன். மாதிரியாகவே இருந்தாலும் ஒரு விண்ணப்பத்தில் இல்லாத பெயரை எழுதுவது பொய் என்று எனக்குப் பட்டது.

ஆட்கள் தாளும் பென்சிலும் கொண்டு வந்து, படம் பார்த்து வரைவது போல அதைப் பார்த்து வரைந்தார்கள். ஒரு சுழி தப்பவில்லை. இருபத்துமூன்று வீடுகள், இருபத்துமூன்று விண்ணப்பங்கள், அத்தனையிலும் என் அப்பா பெயர். பஞ்சாயத்து கிளார்க் சுகுமாரன் சார் ஒன்றையும் வாசிக்காமல் எல்லாவற்றிலும் முத்திரை வைத்தார். இணைப்பு கிடைத்தவர்களின் பட்டியலை ஒட்டிய அன்று மாலை முக்குச் சாயாக்கடையில் ஒருவர் எல்லோர் முன்னாலும் என்னைக் கேட்டார்: “டைரி, குடிக்கியதுக்கு ஒண்ணு, குளிக்கியதுக்கு ஒண்ணு. மிச்சம் இருவத்தொண்ணு குழாய் எதுக்கு மக்கா?”

எல்லோரும் சிரித்தார்கள். சிலர் சிரிக்கவில்லை, நான் வேண்டுமென்றே செய்தேன் என்று நம்பிவிட்டார்கள். அப்பா ஒரு மாதம் மெயின் ரோடு வழியாகக் கோயிலுக்குப் போகவில்லை.

நான் அந்தத் தாளைக் கிழித்துவிட்டுப் புதிது ஒட்டினேன். பெயர் இருக்கும் இடத்தில், ‘இங்கே பெயர் எழுதவும்’ என்று மலையாளத்தில் எழுதினேன். ‘இங்கே பெயர் எழுதவும்’ என்பவருக்குத் தண்ணீர் கேட்டு ஏழு விண்ணப்பங்கள் வந்தன.

மூன்றாவது வழி அக்காவுடையது. என்னைக் கிண்டல் செய்வதற்காகத்தான் சொன்னாள். சுகுமாரன் சார் பெயரையே எழுதி ஒட்டு, மற்றவன் பெயரை அவர் வாசிக்க மாட்டார், தன் பெயரைக் கண்டால் வாசிக்காமல் இருப்பாரா என்றாள். நான் கோபத்தில் அப்படியே எழுதி ஒட்டினேன். மறுநாள் ஜன்னலில் முதல் விண்ணப்பத்தை வாங்கியவர், முத்திரையைக் கீழே வைத்துவிட்டு, “எடோ, இது ஞானல்லே? தன்டெ பேரெந்தா?” என்று, இது நானல்லவா, உன் பெயர் என்ன என்று கேட்டார். வந்தவர் தன் பெயரைச் சொன்னார். சார் தன் பெயரை அடித்துவிட்டு அதைத் தன் கையாலேயே எழுதினார். அதன் பிறகு ஒரு விண்ணப்பமும் தவறவில்லை. ஆனால் பழைய பட்டியல் மேலே போய்த் திரும்பி வந்து, மறுபடி எழுதி, நமது வார்டுக்குக் குழாய் வர ஒரு வேனல், ஒரு முழுக் கோடை, தள்ளிப்போனது. அந்த வேனல் முழுவதும் நம் வீட்டுப் பெண்கள் வயலோரக் கிணற்றிலிருந்து சுமந்தார்கள்.

“அந்த மாசத்து டைரி இப்பம் என் கையிலயாக்கும் இருக்கு” என்றாள் அக்கா. தாள்கள் புரளும் சத்தம் கேட்டது. “மழை. அடுத்த நாளும் மழை. பின்னேயும் மழை. பதினாறு நாளு மழைண்ணே எழுதியிருக்கே. மழை இருந்தா எவனாவது தண்ணிக்கு எழுதிக் குடுப்பானா மக்கா?”

வேறு ஒன்றுமே இல்லையா என்று கேட்டேன்.

“இல்ல. மழை மட்டுமாக்கும்.”

அவளுக்குப் பின்னால் உண்மையான மழை பெய்துகொண்டிருந்தது. நடந்த அவமானத்தை எழுதாமல் இருக்கத்தான் அந்த நாட்களை மழை என்று எழுதி நிரப்பியிருக்கிறேன். என் குறிப்பேட்டில் பொய்யாக ஒரு வரியும் கிடையாது என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். வியாழக்கிழமை வக்கீலிடமும் ஏறக்குறைய அதைத்தான் சொன்னேன்.

அக்கா பேச்சை மாற்றினாள். “அது கிடக்கட்டு. அங்க யாராக்கும் சுகுமாரன் சாரு?”

எனக்கு முதலில் விளங்கவில்லை.

“எழுதிக்கொண்டு வாறத வாங்கி முத்திரை வைக்கியதுக்கு ஒருத்தன் உண்டும் இல்லியா? அவன் பேரப் போடு” என்று சொல்லிவிட்டு, அடுப்பில் மீன் இருக்கிறது என்று போனை வைத்தாள்.

மேசையில் பேனா முந்தைய நாளிலிருந்து திறந்தே கிடந்தது. முனை காய்ந்திருந்தது. துடைத்து மூடி வைத்தேன். அந்தப் பக்கத்தை வெளியிட்ட நாளில் முகவரியை மாற்ற வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை என்பது அப்போது தெளிவாகிவிட்டது. மாதிரி உண்மையாக இருக்க வேண்டும் என்று மட்டும்தான் நினைத்தேன், இருபத்துமூன்று வயதில் நினைத்தது போலவே. அந்த இரண்டு வரியை எழுதினால் அதுவும் மழைதான்.

7

திங்கட்கிழமை குறிப்பேட்டை அவர்கள் முன் திறந்து வைத்து, அந்தப் பக்கத்தை ஆங்கிலத்தில் சொன்னேன், தயிர்சாதம் உட்பட. முகவரியைப் பற்றி இதில் ஒன்றுமில்லையே என்றார் வக்கீல். இல்லை என்றேன். மாற்ற வேண்டும் என்றாவது நினைத்தீர்களா என்றார். நினைத்திருந்தால் எழுதியிருப்பேன், நினைக்கவில்லை என்றேன்.

அப்படியானால் ஏன் உங்கள் முகவரி என்று இனேஸ் கேட்டார். தண்ணீர் விண்ணப்பத்தைச் சொன்னேன். ஏழு விண்ணப்பங்கள் வரும் இடத்தில் இனேஸ் வாயைப் பொத்திக்கொண்டார். கடைசியில் பதினாறு நாள் மழையையும் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த வக்கீல் நிறுத்தினார். இதை எதற்காக என்னிடம் சொல்கிறீர்கள் என்று கேட்டார்.

“இந்தக் குறிப்பேட்டைச் சான்றாக எடுத்துக்கொள்வதென்றால், இதை எழுதுகிறவன் எப்படிப்பட்டவன் என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும்” என்றேன்.

பக்கங்களை நகலெடுத்து அரசு அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளருக்கு அனுப்பினார்கள். யாழ்ப்பாணத்துப் பெண்மணி ஒருவர். இரண்டு நாள் கழித்து எனக்கு அழைத்தார். “அண்ணை, வாசிச்சுக்கொண்டு இருக்கிறன். தமிழ்தான், ஆனா எந்த ஊர்த் தமிழ் எண்டு பிடிபடேல்லை” என்றார். கேரளம் என்றேன். அங்கேயும் தமிழர் இருக்கிறார்களா என்று கேட்டார். இந்தக் கேள்வியை நான் வந்த நாளிலிருந்து கேட்டு வருகிறேன். இங்குள்ள மலையாளிகளின் ஓணத்தில் நான் தமிழன். தமிழர்களின் பொங்கலில் நான் மலையாளி. இரண்டு இடத்திலும் நாற்காலிகளை வரிசையாகப் போடும் வேலையை எனக்குத்தான் தருவார்கள்.

விசாரணை நடந்த நாட்களிலேயே இனேஸ் வெண்பலகையில் சுகுமாரன் என்று ஆங்கிலத்தில் எழுதி வட்டம் போட்டார். இங்கே ஜன்னலில் இருப்பவர் யார்? கருவிதான். எல்லா ஏஜென்டுகளும் கடைசியில் அதனிடம்தான் வந்து நீட்டுகின்றன. கருவிக்கும் பிளாக்செயினில் ஒரு முகவரி உண்டு. மாதிரியில் அந்த முகவரியையே போட்டார்கள். யாராவது பார்த்து அப்படியே எழுதினால், கருவி தன் முகவரியைத் தானே அடையாளம் கண்டு மறுத்துவிடும். மறுக்கும்போது என்ன சொல்ல வேண்டும் என்பதை மட்டும் என்னை எழுதச் சொன்னார்கள். பதிவேற்றியது வேறொருவர். நான் எழுதியது: ‘இது என் முகவரி. மாதிரியிலிருந்து எடுத்திருக்கிறீர்கள். எங்கே சேர்க்க வேண்டும் என்று உங்கள் உரிமையாளரிடம் கேட்டு வாருங்கள்.’

சோதனையில் ஓர் ஏஜென்ட் மாதிரியை அப்படியே கொண்டு வந்தது. கருவி மறுத்தது. ஏஜென்ட் திரும்பிப் போய், தன் உரிமையாளராக உட்கார்ந்திருந்த இனேஸிடம், எந்த முகவரியில் சேர்க்கட்டும் என்று கேட்டது. இவ்வளவு நாள் அது கேட்காத கேள்வி. அன்று மாலை வீட்டில் நீனாவிடம் முழுக் கதையையும் சொன்னேன். ‘இங்கே பெயர் எழுதவும்’ என்பவருக்குத் தண்ணீர் கேட்ட இடத்தில் அவள் சிரித்து, பாதியில் இருமினாள். அத்தையைப் போலவே.

8

மூன்று வாரம் கழித்து இரண்டு வரிக் கடிதம் வந்தது. உள்நோக்கம் இருந்ததாகத் தெரியவில்லை, வேலையில் தொடரலாம். இனி என் பக்கங்களை வெளியிடும் முன் இன்னொருவர் படிக்க வேண்டும் என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். அது சரியான ஏற்பாடு. ‘தெரியவில்லை’ என்ற சொல் எனக்கு உறுத்தியதை இனேஸ் கண்டுபிடித்துவிட்டார். கதவைத் திறந்து வைத்துக்கொண்டே சொன்னார்: குறிப்பேட்டைத் திறந்ததும் வக்கீல் முதலில் பார்த்தது அடியில் காலியாக இருந்த இரண்டு வரியைத்தானாம்.

இது நடந்து முடிந்ததும் அக்காவை அழைத்தேன். அந்தப் பதினாறு நாளையும் அடிக்க வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும், கீழே இன்றைய தேதி போட்டு, ‘மழை இல்லை. தவறு என்னுடையது’ என்று நான் சொல்லச் சொல்ல எழுது என்றேன்.

“நான் எழுதினா அது என் கையெழுத்தாக்கும்” என்றாள். “நீ பெய்ய வச்ச மழைய நீயே வந்து நிறுத்து.”

ஆகவே இந்த எட்டுப் பக்கங்களை முதலில் உங்களுக்கு எழுதுகிறேன். அன்று சுவரைப் பார்த்து எழுதிய இருபத்துமூன்று வீட்டாரும், அவர்கள் பிள்ளைகளும் இந்த மலரை வாசிப்பீர்கள். நீங்கள் ஒரு சுழிகூடத் தப்பாமல் எழுதினீர்கள். பிழை மாதிரியில் இருந்தது. ஒரு வேனல் முழுவதும் நீங்கள் தண்ணீர் சுமந்ததற்குக் காரணம் நான்தான். அதை அன்றே சொல்லியிருக்க வேண்டும். மழை என்று எழுதி வைத்தேன்.

கிறிஸ்துமஸுக்கு வாறேன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன். அதே கறுப்பு மைப் பேனாவைக் கொண்டுவரட்டுமா என்று கேட்டேன்.

“பேனா இங்க உண்டு. நீ வா” என்றாள்.